தங்கச்சி அறைந்த ஆணி

என் தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடிந்த அன்று, எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டின் கூடத்தில் நின்று அம்மா உறவுக்காரருக்குச் சொன்னார்: "வீடு சின்னவளுக்கு. மூத்தவளுக்குத்தான் நகையாயும் காசாயும் குடுத்தாச்சே." நான் அப்போது தேத்தண்ணீர்த் தட்டோடு அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். ஊர் வழக்கம் அதுதான். கடைசிப் பெண்ணுக்குத் தாய்வீடு. இது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே தெரியும். தெரிந்திருந்தும் வயிறு பற்றி எரிந்தது. தட்டைக் குசினியில் கொண்டுபோய் வைத்த வேகத்தில் ஒரு கோப்பையின் காது உடைந்தது. சத்தம் கேட்டு வந்த அம்மா கோப்பையைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை.

அந்த வீட்டைத் தங்கச்சியைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். காலை வெயில் எந்த யன்னலால் நுழைந்து எந்தக் கதிரைக் காலில் வந்து முடியும் என்று தெரியும். கூடத்துச் சுவரைத் தடவினால் அவித்த முட்டை மாதிரிக் கை வழுக்கும். சிவப்புச் சீமெந்து நிலத்தில் குனிந்தால் முகம் மங்கலாய்த் தெரியும். வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் அப்பா மலாயாவிலிருந்து கொண்டு வந்த நீள்வட்டக் கண்ணாடி, சுற்றிவரத் திராட்சைக் கொடி செதுக்கிய மரச் சட்டத்தோடு தொங்கியது. அதில் முகம் பார்க்காமல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. தங்கச்சி அதைத் திரும்பியும் பார்க்கமாட்டாள். குசினிக் கதவில் சொருகியிருந்த உடைந்த கைக்கண்ணாடியே அவளுக்குப் போதும். அப்படிப்பட்டவளுக்குத்தான் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

எனக்குக் கிடைத்தது கிளிநொச்சிக்கு அப்பால், காட்டோரத்து அக்கராயன். என் வீட்டுக்காரருக்குக் குளத்துக்குக் கீழே வயற்காணி கொடுத்திருந்தார்கள், காணியோடு அரசாங்கம் கட்டிய ஒரு வீடும். அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. வாய்க்கால் ரோட்டு நெடுக எல்லா வீடும் ஒரே அச்சு. முன்னுக்கு விறாந்தை, நடுவில் கூடம், அதற்குள்ளே பாதி உயரச் சுவரால் மறித்த ஒரு சின்ன அறை, பின்னுக்கு ஒரு மூலையில் குசினி. வந்திறங்கிய அன்று வண்டிலிலிருந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று போய் அடுத்த வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டேன். அந்த வீட்டு மனிசி சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. "பிள்ளை, வந்த உடனையே என்ரை வீட்டைப் பிடிச்சிட்டியோ?" என்று கேட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்னுடைய வீடு எது என்று எனக்கே தெரியாத ஒரு வீடு!

அன்றிலிருந்து எனக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. தங்கச்சி ஒரு நாள் வந்து என் கூடத்தின் நடுவில் நிற்க வேண்டும். சுற்றிவரப் பார்க்க வேண்டும். அவளுடைய முகம் மாற வேண்டும். என் வயிறு எரிந்த மாதிரி அவளுடைய வயிறும் ஒரு நாளைக்காவது எரிய வேண்டும். அதற்காக நான் என்ன பாடும் படத் தயாராக இருந்தேன்.

முதலில் அந்த அரைச்சுவரை இடிக்கச் சொன்னேன்.

"அது அரசாங்கத்தின்ரை சுவரப்பா. வந்து கேட்டால் என்ன சொல்லுறது?" என்றார் வீட்டுக்காரர்.

"மழைக்கு விழுந்திட்டுதெண்டு சொல்லுங்கோ."

"உள்ளுக்கை நிக்கிற சுவர் மழைக்கு எப்பிடி விழும்?"

"அதை அவையள் கேக்கேக்கை யோசிப்பம்."

ஒருவரும் வந்து கேட்கவில்லை. அரைச்சுவர் போனதும் கூடம் கிட்டத்தட்ட அம்மா வீட்டுக் கூடத்தின் அளவுக்கு வந்தது. சிவப்புத் தூள் கலந்து சீமெந்து நிலம் போட்டோம். பிறகு நான் முழங்காலில் இருந்து தேங்காய்ப் பொச்சால் தேய் தேய் என்று தேய்த்தேன். கிளிநொச்சித் தச்சரிடம் முதிரை மரத்தில் நாலு கதிரை செய்வித்தோம். அம்மா வீட்டுக் கதிரையின் சாய்வை நான் கையால் காற்றில் வரைந்து காட்ட, அந்த மனிசன் தலையைச் சொறிந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். யன்னலுக்குப் பூப்போட்ட சீத்தைத் துணி வாங்கித் திரை தைத்தேன். அம்மா வீட்டைப் போலவே முன்பக்கம் முழுக்க ஆளுயரத்துக்குத் தென்னோலைக் கிடுகு வேலி அடைப்பித்தேன். பின்பக்கம் வேலி இல்லை. வாய்க்காலும் அதற்கப்பால் வயலும்தான். எனக்குப் பின்பக்கத்தைப் பற்றிக் கவலையில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்குப் பின்பக்கம் என்றால் கிணற்றடி, வாழை, பாத்திரம் தேய்க்கிற இடம். வருகிறவர்கள் அதைப் பார்க்கக் கூடாது. ஆகவே கூடத்தின் பின்கதவைச் சாத்தி, அதற்குக் குறுக்கே அலுமாரியை இழுத்து வைத்தேன்.

"வயலிலையிருந்து வாறன், இனி வீட்டைச் சுத்திக்கொண்டோ உள்ளுக்கு வாறது?" என்று இவர் கேட்டார்.

"ஓம், சேற்றுக் காலோடை என்ரை கூடத்துக்குள்ளை வராதையுங்கோ."

கடைசியாய்ச் சுவர் மிச்சம். தைப்பொங்கலுக்கு முன்னர் தங்கச்சி வருகிறாள் என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் வெறும் சுண்ணாம்பு அடித்தால் போதும் என்றார். எனக்கு அது போதாது. அம்மா வீட்டுச் சுவரின் அந்த வழுவழுப்பு எனக்கு வேண்டும். சின்ன வயதில், அப்பா கூடம் பூசுவித்த நேரம், அம்மா பனங்கட்டியைக் கரைத்துக் கரைத்து மேசனிடம் கொடுத்தது நினைவு வந்தது. அதுதான் இரகசியம் என்று துள்ளினேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டு வந்த பனங்கட்டியை ஓலைக் குட்டான்களில் ஒன்றும் மிச்சம் விடாமல் கரைத்துச் சுண்ணாம்பு வாளிக்குள் ஊற்றினேன். ஒட்டட்டும் என்று ஒரு பிடி உப்பும் போட்டேன். உள்ளும் புறமும் நானே அடித்தேன். காய்ந்தபோது இலேசான ஒரு மினுக்கம் இருந்தது. கையால் தடவித் தடவிப் பார்த்து, அன்றைக்கு நான் சாப்பிடக்கூட மறந்துபோனேன்.

மேசன் பனங்கட்டித் தண்ணீரைச் சாந்துக்குள் விட்டு அரைத்துப் பூசியவர். நான் அதைச் சுவரின் மேலே தடவிவிட்டிருக்கிறேன். அந்த வித்தியாசம் எனக்கு விளங்க முதல் எறும்புக்கு விளங்கிவிட்டது.

தங்கச்சி வருவதற்கு முதல்நாள் காலை கூடத்துக்குள் வந்தால், நிலத்திலிருந்து இடுப்பளவுக்குச் சுவர் அசைகிறது. சின்னச் சிவப்பு எறும்பு. காட்டிலிருந்த அத்தனையும் வந்து சேர்ந்த மாதிரி. விறாந்தைக்கு ஓடினேன். அங்கே அடுத்த வீட்டுப் பசு நாக்கை நீட்டி வெளிச்சுவரை இரசித்து நக்கிக்கொண்டு நின்றது. வெளியே மாடு நக்குகிறது, உள்ளே எறும்பு நக்குகிறது. என் சுவரை!

எறும்புக்கு மஞ்சள் ஆகாது என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். குசினிக்குள் ஓடி, இருந்த மஞ்சள்தூளையெல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, வந்த கோபத்தில் அப்படியே சுவரில் வீசி அடித்தேன். எறும்பு விழுந்தது. கூடவே சுவர் இரத்தச் சிவப்பாய் மாறியது.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எத்தனை கலியாணத்துக்கு நான் ஆலாத்தி கரைத்திருப்பேன்! ஆத்திரத்தில் அது என் மண்டைக்குள் வரவேயில்லை. கையில் வெறும் வாளியோடு நின்றேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்த இவர் வாசலில் நின்று பார்த்தார்.

"என்னப்பா, வீட்டுக்கே ஆலாத்தி எடுத்திட்டியோ?"

நான் வாளியை அவர் காலடியில் எறிந்தேன். அவர் சிரித்துக்கொண்டே அதை எடுத்தார். பிறகு பக்கத்து வீடுகளில் மஞ்சள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததும் அவர்தான். திட்டுத் திட்டாய் விட்டால் அசிங்கம், அடிக்கிறதென்றால் ஒரே சீராய் அடித்துவிடுவோம் என்றார். இடுப்புயரத்துக்கு நூல் பிடித்துக் கோடு போட்டு, கீழே முழுக்க மஞ்சள்தண்ணீர் அடித்தோம். பின்னேரம் பார்த்தபோது, மேலே வெள்ளை, கீழே குங்குமச் சிவப்பு, நிலமும் சிவப்பு. அம்மா வீட்டில் இப்படி இல்லை என்று நினைத்து நினைத்து அன்றைக்கு அழுதேன்.

அடுத்த நாள் இவர் கிளிநொச்சிக்குப் போய் பஸ்ஸடியிலிருந்து தங்கச்சியை வண்டிலில் ஏற்றி வந்தார். வேலிப் படலைக்குள் வரும்போதே பார்த்தேன். அவளுடைய மடியில் பழைய சீலையால் சுற்றிக் கட்டிய பெரிய பொதி ஒன்று. பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பொதியைப் பார்க்கவில்லை. அவளின் முகத்தைத்தான் பார்த்தேன். கூடத்துக்குள் அவள் கால் வைக்கிற நேரம் நான் முன்னால் நிற்க வேண்டும் என்று ஓடிப்போய் நின்றேன்.

அவள் நடுவில் வந்து நின்றாள். கதிரைகளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். நிலத்தைப் பார்த்தாள்.

"அம்மாவின்ரை வீடு மாதிரியே கிடக்கு," என்றாள்.

"ஓம்," என்றேன். என் குரல் எனக்கே உயர்ந்து கேட்டது.

"ஏன் அக்கா? அதை விட்டிட்டு இவ்வளவு தூரம் வந்தும் அதையே கட்டி வைச்சிருக்கிறாய்?"

எனக்குச் சுருக்கென்றது. திருப்பி ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் குனிந்து அந்தச் சிவப்புச் சுவரில் கையை வைத்தாள். அவளுடைய முகம் மாறியது. நான் எத்தனையோ நாள் கனவு கண்ட மாற்றம் அது. கண் விரிந்து, வாய் ஒரு பக்கம் கோணி, உதட்டைக் கடித்தாள். பொறாமையை எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து என்னுடன் கூடவே வளர்ந்தது அது.

"இது என்ன நிறம்? ஆர் உனக்கு அடிச்சுத் தந்தது?"

"நான்தான் யோசிச்சு அடிச்சனான்," என்றேன். பின்னால் நின்ற இவர் இருமினார்.

"உனக்கு என்ன குறை," என்றாள் தங்கச்சி. "நினைச்ச உடனை சுவரிலை நிறம் அடிக்கிறாய். எனக்கு அங்கை ஒரு கதிரையை இழுத்துப் போட ஏலாது. 'அப்பா வைச்ச இடம், அப்பிடியே கிடக்கட்டும்' எண்டு அம்மா நிக்கிறா. காணி உறுதியிலை என்ரை பேர். வீடு அவாவின்ரை. நான் அங்கை விருந்தாளி."

எனக்கு இனித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், உச்சந்தலை வரைக்கும் இனித்தது. நல்லா வேணும் என்று மனதுக்குள் சொன்னேன். அந்த இனிப்பு அரை மணித்தியாலமாவது இருந்திருக்கலாம். ஆனால் அவள் கதிரையில் இருந்து பொதியை அவிழ்க்கத் தொடங்கினாள்.

அப்பாவின் கண்ணாடி.

"எனக்கோ?" என்று கேட்டேன்.

"உனக்கெண்டு இல்லை," என்றாள் நேராக. "இதை ஒரு நாள் யன்னல் பக்கத்துச் சுவருக்கு மாத்திக் கொழுவினனான். அம்மா ஒரு கிழமை என்னோடை கதைக்கேல்லை. பிறகு தானே கழட்டிப் பழைய இடத்திலை கொழுவிப்போட்டா. இது என்ரை சீதனம், அக்கா. இதை எங்கை கொழுவுறதெண்டு நான்தான் சொல்லோணும். அங்கை ஏலாது. அதுதான் இஞ்சை கொண்டந்தனான். சுத்தியல் கிடக்கோ?"

அவளுக்கு வேண்டியது என்னுடைய ஒரு சுவர். கண்ணாடி வந்த சந்தோசமும் ஆத்திரமும் எனக்கு ஒன்றாய் வந்தன. வாசலுக்கு நேரெதிர்ச் சுவரைக் காட்டினேன். "அங்கை. அதுக்கெண்டுதான் அந்த இடத்தை வெறுமையா விட்டு வைச்சனான்." பொய் இல்லை. கண்ணாடி இல்லாமலே கண்ணாடிக்கு இடம் விட்டிருந்தேன்.

அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சை ஒரு கதவெல்லோ கிடக்கு?"

"அது பின்பக்கம். அங்கை ஒண்டுமில்லை."

"அத்தான், இதிலை ஒருக்கால் பிடியுங்கோ," என்று இவரைக் கூப்பிட்டாள். தன் வீட்டில் ஒரு கதிரையை நகர்த்த முடியாதவள், என் வீட்டில் அலுமாரியை நகர்த்தினாள். இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு போய்ப் பிடித்தார். வயலிலிருந்து நேரே வர வழி கிடைத்த சந்தோசம் அவருக்கு. கதவு திறந்தது. மார்கழி மழைக்குப் பிறகு வயல் முழுவதும் பச்சை. வாய்க்கால் நிறையத் தண்ணீர், வரப்பில் கொக்கு. நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதை ஒரு காட்சி என்று நின்று பார்த்ததேயில்லை.

தங்கச்சி வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், தலையைச் சாய்த்தாள். பிறகு பின்கதவுக்குப் பக்கவாட்டுச் சுவரில், சிவப்புக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே, ஆணியை வைத்து அறைந்தாள். அளக்கவில்லை. நூல் பிடிக்கவில்லை. ஒரே இடத்தில் ஒரே ஆணி. கண்ணாடியைக் கொழுவி, "வாசலிலை போய் நிண்டு பார்," என்றாள்.

போய் நின்றேன். வாசலில் நின்று பார்க்க, கூடத்து மூலையில் வயல் தெரிந்தது. கண்ணாடிக்குள் பச்சையும் தண்ணீரும் அசைந்தன. கீழே சிவப்புச் சுவர் அந்தப் பச்சையைத் தூக்கிக் காட்டியது. அறை இரண்டு மடங்கு பெரிதாய்த் தெரிந்தது. இந்த வீட்டை மூலை மூலையாய் நான் தேய்த்திருக்கிறேன், உடைத்திருக்கிறேன், பூசியிருக்கிறேன். தங்கச்சி வந்து ஒரு நாழிகை ஆகவில்லை.

"பரவாயில்லை," என்றேன்.

பொங்கலுக்கு முதல்நாள் அவள் யாழ்ப்பாணம் போனாள். வண்டில் வாய்க்கால் ரோட்டால் திரும்பியதும் நான் சுத்தியலை எடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி, ஆணியைப் பிடுங்கி, வாசலுக்கு நேரெதிரே, அம்மா வீட்டைப் போலவே கொழுவினேன். உள்ளே வந்தால் என் மூஞ்சியும் என் கிடுகு வேலியும் தெரிந்தன. யன்னலுக்குப் பக்கத்தில் கொழுவினேன். வெளிச்சம் கண்ணில் குத்தியது. குசினி வாசலுக்கு மேலே கொழுவினேன். கூரை ஓடுகளையும் வளைமரத்தையும் தவிர ஒன்றுமில்லை. இவர் பின்கதவுப் படியில் இருந்து, சுவரில் விழுகிற ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தங்கச்சியின் ஓட்டைக்கே வந்தேன். பிடுங்கிய வேகத்தில் அது பெருத்துப்போய் ஆணி நிற்கவில்லை. மரக்குச்சி சீவி இறுக்கி, அதற்குள் அவள் அறைந்த அதே ஆணியை அறைய வேண்டியிருந்தது.

சிவப்புச் சுவர் நிலைக்கவில்லை. வெயில் படப் படப் பழுத்து, அறுவடை முடியும்போது வெறும் வெளிர் மஞ்சளாகிவிட்டது. அம்மா வந்து பார்த்தபோது, "ஏன் சுவருக்குச் சோகை பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். கண்ணாடியைக் கண்டும் காணாத மாதிரி அதற்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தார். அவருடைய கூடத்தில் அது தொங்கிய இடத்தில் நீள்வட்டமாய் ஒரு வெள்ளைத் தடம் இருக்கிறதாம். அதையும் அவர் பூச விடுவதில்லையாம்.

அறுபதுகளில் என் கூடத்தைப் பார்த்தவர்கள் என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். கலியாண வீடு சோடிக்க, புதுவீட்டுக்கு நிறம் சொல்ல, எந்த மூலையில் அலுமாரி வைப்பது, எந்த யன்னலுக்கு என்ன திரை என்று கேட்க. அந்த வேலைக்கு அப்போது பெயர் கிடையாது. கனகராயன்குளம் வரைக்கும் பஸ்ஸில் போய்ச் செய்து கொடுத்திருக்கிறேன். வீட்டுக்குத் தேடி வருகிறவர்கள் வாசலில் நின்று முதலில் சொல்வது ஒரே கதைதான். தச்சரைத் தலை சொறிய வைத்துச் செய்வித்த கதிரையைப் பற்றியில்லை, முழங்கால் தேயத் தேய்த்த நிலத்தைப் பற்றியில்லை. "அந்தக் கண்ணாடியை என்ன வடிவா வைச்சிருக்கிறியள்!" நானும் ஓம், ஓம் என்பேன்.

ஒரு முறை கிளிநொச்சிக் கடைக்காரர் ஒருவரின் மனைவி தன் புதுவீட்டுக்கு என்னைக் கேட்டு வந்தார். தங்கச்சி அன்று என்னோடு வந்து நின்றாள். குசினியிலிருந்து தேத்தண்ணீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். கடைக்காரர் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, அந்தக் கண்ணாடிக்கு அந்த இடம் ஆர் சொன்னது?" என்று என்னைக் கேட்டார்.

"நான்தான்," என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன். கண்ணாடிக்குள் வயல் இருந்தது, வயலுக்கு முன்னால் தட்டோடு தங்கச்சி நின்றாள். கண்ணாடிக்குள்ளால் என்னை நேரே பார்த்தாள். இப்போது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லட்டும், நன்றாய்ச் சண்டை பிடிக்கலாம் என்றும் நினைத்தேன்.

அவள் தட்டை மேசையில் சத்தம் கேட்காமல் வைத்தாள். "ஓம்," என்றாள் கடைக்காரர் மனைவியிடம். "அக்காவுக்குச் சின்னனிலையிருந்தே நல்ல கண்."

தாய்வீடு அவளுக்குப் போனபோதுகூட என் வயிறு அப்படி எரியவில்லை.